கோடு தெரியுது, சரி, அது ஃப்ளாப்தானா? எயோட்டா டிசெக்சன் எண்டு வந்த ஒரு சிடி ஸ்கேன் கேஸ்

எயோட்டா எண்டது இதயத்திலிருந்து வெளிக்கிடுற பெரிய ரத்தக் குழாய், டிசெக்சன் எண்டா அதின்ட உள்சுவர் கிழிஞ்சு சுவருக்குள்ள ரத்தம் போறது, அப்பிடிப் பிரிஞ்சு நிக்கிற உள்சுவர்தான் ஃப்ளாப். நோயாளி 58 வயசு ஆம்பிளை, வீடு கொட்டாஞ்சேனை, புறக்கோட்டையில மொத்தக் கடை. (ஆளை அடையாளம் காட்டக்கூடியதுகளை மாத்திப் போட்டிருக்கிறன்.) பிரஷர் இருக்கு, சீனியும் இருக்கு, லொசார்டனும் மெட்ஃபோமினும் எழுதிக் குடுத்திருக்கினம், சீனிக் குளிசை ஒழுங்கா போடுவார், பிரஷர் குளிசை தலை சுத்தினாத்தான். ஒரு நாள் இரவு கடை பூட்டிற நேரம், ஷட்டரை இழுத்து விட்டுட்டு நிமிரேக்க நடு நெஞ்சில நோ, நல்ல வேர்வை, பிறகு அந்த நோ முதுகுப் பக்கம் ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவில போய் நிண்டிருக்கு. மகன் த்ரீவீலரில ஏத்திக்கொண்டு கிட்ட இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்.

அங்க முதல்ல பாத்த டொக்டர் யோசிச்ச விதம் சரி, அதை முதலிலயே சொல்லிப்போட வேணும். பல்ஸ் 104, பிரஷர் வலக் கையில 176/98, இடக் கையில 170/96. ஈசிஜியில இடது வென்ட்ரிக்கிள் தடிச்ச மாதிரி வோல்டேஜ், வி4 தொடக்கம் வி6 வரைக்கும் டி அலை தலைகீழ், இது பழைய பிரஷர்காரருக்கும் வரும், புது ஹார்ட் அட்டாக்குக்கும் வரும், பக்கத்தில வச்சு ஒப்பிட பழைய ஈசிஜி இல்ல. முதல் ட்ரொபோனின் (இதயத் தசை அடிபட்டா ரத்தத்தில கூடுறது) எல்லைக் கோட்டை மெல்லத் தாண்டி நிண்டுது. அஸ்பிரின் 300 மில்லிகிராம் குடுத்தாச்சு. எக்ஸ்ரே படுக்க வச்சு போட்டபிள் மெசினால எடுத்தது, மீடியாஸ்டைனம் (ரெண்டு நுரையீரலுக்கும் நடுப் பகுதி) அகலமாத் தெரியுது. நெஞ்சு நோ முதுகுக்குப் போகுது, பிரஷர் கூட, எக்ஸ்ரேயும் அகலம், நோட்டில "கிழிக்கிற மாதிரி நோ" எண்டும் எழுதியாச்சு. இந்த நிலையில எயோட்டா சிடிக்கு அனுப்பாம விட்டாத்தான் பிழை.

அரை மணித்தியாலத்துக்குள்ள சிடி எடுத்து தற்காலிக ரிப்போட்டும் வந்திட்டுது. ஏறு எயோட்டாவில இன்டிமல் ஃப்ளாப், ஸ்டான்போர்ட் டைப் ஏ டிசெக்சன் (இதயத்திலிருந்து மேல ஏறிற பகுதியில வாற வகை). அவ்வளவுதான் எழுதியிருந்தது. அதோட ரத்தத்தை உறைய விடாத க்ளோபிடோக்ரெலையும் இனொக்ஸபரினையும் நிப்பாட்டி, பிரஷரையும் பல்ஸையும் இறக்கிற லபெட்டலோல் ட்ரிப் தொடங்கி, எங்கட பக்கம் போன் அடிச்சு, ஆம்புலன்ஸ்ல ஏத்தி அனுப்பிப் போட்டினம். இங்கால கார்டியோதொராசிக் டீமுக்கு அறிவிச்சாச்சு, ரத்தம் க்ரொஸ்மேட்சுக்குப் போயாச்சு, தியேட்டர் ஆயத்தம். டைப் ஏக்கு இந்த ஓட்டம் ஓடத்தான் வேணும், முதல் ரெண்டு நாளில ஒபரேசன் செய்யாம விட்டா மணித்தியாலத்துக்கு 1 தொடக்கம் 2 வீதம் சாவு எண்டு எல்லாரும் படிச்ச கணக்கு, அந்தக் கணக்கு தலைக்குள்ள இருக்கேக்க ஒருத்தரும் நிண்டு யோசிக்க மாட்டினம்.

ஆள் வந்து சேரேக்க மகன்ட கையில ஒரு பெரிய என்வலப், அதுக்குள்ள நாலு ஃபிலிமும் ஒரு சீடியும். ஃபிலிம்ல இருந்தது 5 மில்லிமீற்றர் ஸ்லைஸ். லைட் பொக்ஸ்ல வச்சுப் பாத்தா ஏறு எயோட்டாவுக்குள்ள வளைஞ்ச கோடு ஒண்டு உண்மையாவே தெரியுது, ஒண்டில்ல, ரெண்டு மூண்டு. அந்த ஃபிலிமை மட்டும் பாக்கிற ஆரும் டிசெக்சன் எண்டுதான் சொல்லுவினம்.

எங்கட மெடிக்கல் ரெஜிஸ்ட்ரார் ஒரு நல்ல வேலை செய்தா. ஃபிலிமைப் பாத்துக்கொண்டு நிக்காம ஆளிட்டப் போய் திரும்பக் கதை கேட்டா.

"ஐயா, நோ தொடங்கின அந்த நிமிசத்திலயே உச்சத்தில இருந்ததா, இல்லாட்டி மெல்ல மெல்ல ஏறினதா?"

"இல்ல டொக்டர், முதல் கேஸ் எண்டுதான் நினைச்சன். மகனிட்ட சொல்லி சோடா ஒண்டு எடுப்பிச்சுக் குடிச்சன். ஒரு பத்துப் பதினைஞ்சு நிமிசம் போகத்தான் தாங்க ஏலாமப் போச்சு."

"கிழிக்கிற மாதிரி இருந்ததெண்டு எழுதியிருக்கே?"

"நான் இறுக்குது எண்டுதானம்மா சொன்னன். மகன் பயத்தில அப்பிடிச் சொல்லியிருப்பான்."

டிசெக்சன் நோவில கேட்க வேண்டிய முதல் கேள்வி, நோ எவ்வளவு பெரிசு எண்டதோ எங்க போகுது எண்டதோ இல்ல, தொடங்கின கணத்திலயே முழுசா இருந்ததா எண்டதுதான். சோடா குடிச்சு இருந்து பாக்க நேரம் கிடைச்சதெண்டா சந்தேகம் குறையுது. இல்லாமப் போகேல்ல, குறையுது. நோவே இல்லாம வாற டிசெக்சனும் இருக்கிறபடியா கதையை மட்டும் வச்சு ஒண்டையும் தள்ள ஏலாது. ஆனா படத்தைப் பாக்கப் போறவருக்கு இந்தத் தகவல் தேவை, முதல் ரிப்போட் எழுதினவருக்குக் கிடைச்சது "கிழிக்கிற நோ, அகல மீடியாஸ்டைனம்" எண்ட வசனம்தான், அப்பிடி ஒரு வசனத்தோட படத்தைத் திறந்தா கண் ஃப்ளாப்பைத்தான் தேடும். அகலம் எண்டு சொன்ன எக்ஸ்ரே படுத்தபடி முன்னுக்கிருந்து எடுத்தது, அப்பிடி எடுத்தா சுகதேகியின்ட மீடியாஸ்டைனமும் விரிஞ்சுதான் தெரியும்.

படத்துக்குள்ள என்ன இருந்தது

சீடியில இருந்த மெல்லிய 1 மில்லிமீற்றர் படங்களை வேர்க்ஸ்டேசனில ஏத்தின பிறகுதான் விசயம் வெளிச்சது. ஃபிலிம்ல ஒரே ஃப்ளாப் மாதிரித் தெரிஞ்சது உண்மையில மூண்டு வேற வேற சாமான், ஒண்டுக்கு மேல ஒண்டு விழுந்து கிடந்தது.

முதலாவது, பெரியது, துடிப்பால வாற ஆர்ட்டிஃபாக்ட், அதாவது உடம்பில இல்லாம படத்தில மட்டும் விழுற போலித் தோற்றம். வால்வுக்குக் கொஞ்சம் மேல, எயோட்டாவின்ட இடது முன்பக்க ஓரத்திலயும் வலது பின்பக்க ஓரத்திலயும் பிறை மாதிரி ரெண்டு கோடு. இந்த ரெண்டு இடத்தையும் மனசில வச்சிருங்க, மணிக்கூட்டு முகமாப் பாத்தா 12–1 மணிப் பக்கமும் 6–7 மணிப் பக்கமும், துடிப்பு ஆர்ட்டிஃபாக்ட் கூடுதலா வாற இடம் அதுதான். ஏன் வருது எண்டா கணக்கு லேசு. அந்த மெசின் ஒரு சுத்து சுத்த ஏறக்குறைய அரை செக்கன் எடுக்குது. பல்ஸ் 104 எண்டா ஒரு துடிப்புக்கு 0.58 செக்கன். அப்ப ஒரு சுத்துக்குள்ள இதயம் சுருங்கி விரியிற வேலையைக் கிட்டத்தட்ட முழுசா முடிச்சிடும், எயோட்டாவின்ட அடிப்பாகமும் அதோட சேர்ந்து இழுபட்டுத் திரும்பும். கலியாண வீட்டில போட்டோ எடுக்கேக்க பிள்ளை தலையைத் திருப்பினா ஒரு உடம்பில ரெண்டு முகம் விழுமே, அதே கதைதான், எயோட்டாச் சுவர் நிண்ட இடத்திலயும் போன இடத்திலயும் ரெண்டு தரம் பதிஞ்சு போகும், நடுவில கோடு மாதிரி நிக்கும்.

அது ஃப்ளாப் இல்ல எண்டு எதை வச்சு சந்தேகிச்சம்? கோடு மேல போகப் போக வளைவு தொடங்கிறதுக்கு முன்னமே கரைஞ்சு போச்சு. வளைவு சுத்தம், தலைக்கும் கைக்கும் போற குழாய்கள் சுத்தம். கோட்டின்ட ஒரு முனை எயோட்டாச் சுவரோட நிக்காம சுவரைத் தாண்டி வெளிக் கொழுப்புக்குள்ளயும் போகுது, ஃப்ளாப் குழாய்க்குள்ளதான் இருக்கும், அது வெளியில நடந்து போகாது. எல்லாத்தையும் விட எனக்குப் பெரிசாப் பட்டது பக்கத்தில நிக்கிற பல்மனரி ஆர்ட்டரி (நுரையீரலுக்குப் போற ரத்தக் குழாய்). அதின்ட சுவரும் அதே ஸ்லைஸ்ல ரெண்டு தரம் பதிஞ்சிருக்கு, இதயத்தின்ட இடது ஓரமும் அப்பிடியே. சஜிட்டல் பக்கமாத் திருப்பிப் பாத்தா எயோட்டாச் சுவர் படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டி இருக்கு. எயோட்டா கிழிஞ்சா பல்மனரி ஆர்ட்டரிக்கு ஏன் ரெட்டைச் சுவர் வரவேணும்? ரெண்டும் ஒண்டா ஆடியிருக்கு.

ரெண்டாவது, நேர்கோடு. கனுலா இடக் கையில, புறங்கையில போட்ட 20 சைஸ் பிங்க். இடக் கையால கொன்ட்ராஸ்ட் (படத்தில ரத்தக் குழாயை வெள்ளையாக் காட்டிற மருந்து) ஏத்தினா அது இடது ப்ரேக்கியோசெபலிக் வெயினால எயோட்டா வளைவுக்கு முன்னால குறுக்காகத்தான் போகும், அடர்த்தியான கொன்ட்ராஸ்ட் அந்த வெயினுக்குள்ள நிக்கேக்க அதிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக் கீற்றுக் கிளம்பும். கீற்று நேரா இருக்கும், ஒரு மூலத்திலிருந்து விசிறி மாதிரிப் பிரியும், ஸ்லைஸுக்கு ஸ்லைஸ் கோணம் மாறும். சேலைன் ஏத்திக் கழுவி விடாட்டி இன்னும் மோசம், அண்டைக்கு கழுவினதாத் தெரியேல்ல.

மூண்டாவது, ஏறு எயோட்டாவுக்குப் பின்னால ஒட்டினபடி பிறை வடிவத்தில ஒரு நீர்த் தடம். அது பெரிகார்டியத்தின்ட (இதயத்தைச் சுத்தி இருக்கிற உறை) மேல் பை, சுகமான ஆளுக்கும் இருக்கிறது. அளந்து பாத்தா 8 ஹவுன்ஸ்ஃபீல்ட் (சிடியில அடர்த்தி அளக்கிற அலகு), கிட்டத்தட்ட தண்ணி. சுவருக்குள்ள உறைஞ்ச புது ரத்தம் எண்டா கொன்ட்ராஸ்ட் இல்லாத படத்தில 60–70 பக்கம் நிக்க வேணும். ஆனா இங்க ஒரு பெரிய குறை: கொன்ட்ராஸ்ட் இல்லாத படமே எடுக்கேல்ல, நேர மருந்தோடதான் தொடங்கியிருக்கினம்.

எயோட்டா வேரில 34 மில்லிமீற்றர், ஏறு பகுதியில 36, பெரிகார்டியத்துக்குள்ள ரத்தம் இல்ல.

ஆர்ட்டிஃபாக்ட் எண்டு சொல்லவும் ஆதாரம் வேணும்

இந்த இடத்திலதான் நான் கன நேரம் நிண்டு எழுத விரும்பிறன். இவ்வளவும் பாத்த பிறகு "இது ஆர்ட்டிஃபாக்ட், ஒண்டுமில்ல, தியேட்டரை நிப்பாட்டுங்கோ" எண்டு போனில சொல்லிப்போட்டு போய்ப் படுக்கலாம், அப்பிடிச் சொல்ற ஆக்களும் இருக்கினம். ஆனா வேர்ப் பகுதியோட மட்டும் நிக்கிற சின்ன டிசெக்சன் எண்டு ஒரு சாமான் உண்மையிலேயே இருக்கு, அதுவும் இதே இடத்தில, இதே உயரத்தில, மேல போகாம நிக்கும், அது கொரனரி வாசலையும் அடைக்கும், பெரிகார்டியத்துக்குள்ளயும் உடையும். படம் ஆடியிருக்கு எண்டதுக்காக அதுக்குக் கீழ கிழிவு இல்ல எண்டு வராது. பிழையா டிசெக்சன் எண்டு சொன்னா ஒரு மனிசன்ட நெஞ்செலும்பை வீணா அறுப்பினம், அப்பிடித் திறந்து பாத்து ஒண்டும் இல்லாமப் போன கேஸ்கள் மருத்துவ சஞ்சிகைகளில பதிவாகி இருக்கு. பிழையா ஆர்ட்டிஃபாக்ட் எண்டு சொல்லி, பிறகு ரத்தத்தை உறைய விடாத ஹெப்பரினும் ஏத்தினா மனிசனே இல்லாமப் போயிடும். ரெண்டு பக்கமும் பள்ளம்.

சேர்ஜன் போனில கேட்டது ஒரே கேள்வி, இருக்கா இல்லையா. எங்கட ரேடியோலொஜி கொன்சல்டன்ட் சொன்ன பதிலை நான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு வாறன்: "இந்தப் படத்தை வச்சு ரெண்டும் சொல்ல மாட்டன். தியேட்டர் நிக்கட்டும், ஆளை சிடிக்கு அனுப்புங்கோ, ஈசிஜி கேட்டிங் போட்டு திரும்ப எடுப்பம்." கேட்டிங் எண்டா இதயத் துடிப்போட நேரம் பாத்துப் படம் பிடிக்கிறது. ஆள் நிலையா இருந்தார், பிரஷர் விழேல்ல, மயக்கம் இல்ல, அதனால இந்த நேரத்தை எடுக்க ஏலுமா இருந்தது. பிரஷர் விழுந்துகொண்டிருக்கிற ஆளெண்டா இதைச் செய்யக்கூடாது, அவரை நேர தியேட்டருக்குக் கொண்டு போய் அங்கேயே உணவுக்குழாய் எக்கோ வச்சுப் பாக்க வேணும்.

சிடி ரூமுக்குப் போக முதல் வார்டிலயே சாதாரண எக்கோ வச்சுப் பாத்தது. எயோட்டிக் வால்வு கசியேல்ல, ஃப்ளாப் தெரியேல்ல, இதயத்தைச் சுத்தி நீர் இல்ல, ஆனா முன்பக்கச் சுவர் சரியா அடிக்கேல்ல. நெஞ்சுக்கு மேலால பாக்கிற எக்கோவை வச்சு டிசெக்சனைத் தள்ள ஏலாது, ஆனா அந்த முன்பக்கச் சுவர் எங்களை ஹார்ட் அட்டாக் பக்கம் திரும்பிப் பாக்க வச்சது.

சிடி ரூமில ரேடியோகிராபர் அண்ணை முதல் செய்த வேலை, இடக் கைக் கனுலாவை விட்டுட்டு வலக் கை முழங்கை மடிப்பில 18 சைஸ் பச்சை போட வச்சது. பிறகு லீட் ஒட்டி, கை ரெண்டையும் மேல தூக்கி வச்சு, மூச்சுப் பிடிக்க ரெண்டு தரம் பழக்கினார். லபெட்டலோல் கூட்டினபடி, எல்லாரும் கொன்சோலில ஓடுற பல்ஸைப் பாத்துக்கொண்டு நிக்கிறம். 88. 79. 74. அவசரப்பட்டு 79ல எடுத்திருந்தா திரும்பவும் ஆடின படம் வந்திருக்கலாம்.

"தம்பி, 66 வந்திட்டுது. எடுக்கட்டா?"

"எடுங்கோ அண்ணை. முதல் மருந்தில்லாம ஒண்டு."

மருந்தில்லாத படத்தில ஜன்னலை (திரையில காட்டிற கறுப்பு வெள்ளை எல்லையை) ஒடுக்கி வச்சுப் பாத்தம், சுவருக்குள்ள வெள்ளைப் பிறை இல்ல. பிறகு கொன்ட்ராஸ்ட், பின்னால சேலைன், இதயம் விரிஞ்சு ஆறுதலா நிக்கிற நேரத்தில மட்டும் படம் பிடிக்கிற மாதிரி கேட்டிங். 66ல ஒரு துடிப்புக்கு 0.9 செக்கன், மெசினுக்குத் தேவையான அமைதி அதுக்குள்ள கிடைச்சது. எயோட்டா வேர் வட்டமா, கத்தியால வெட்டின மாதிரி ஓரத்தோட வந்தது. பிறை ரெண்டும் இல்ல, நேர்கோடு இல்ல. பின்னால நிண்ட நீர்த் தடம் மட்டும் அப்பிடியே நிண்டுது, அது அவர்ட சொந்தச் சாமான், நிக்கத்தான் வேணும். டிசெக்சன் இல்ல எண்டு அப்பதான் கொன்சல்டன்ட் கையெழுத்து வச்சவர். ஆள் வந்து சேர்ந்து ஒரு மணித்தியாலம் சொச்சம்.

ரெண்டாவது ட்ரொபோனின் பல மடங்கு ஏறி வந்தது. என்ஸ்டெமி, ஹார்ட் அட்டாக்கில ஒரு வகை. ஹெப்பரின், க்ளோபிடோக்ரெல் தொடங்கி, அடுத்த நாள் அஞ்சியோ, எல்ஏடியில (இதயத்தின்ட முன்பக்கத்துக்கு ரத்தம் குடுக்கிற குழாய்) 90 வீத அடைப்பு, ஸ்டென்ட். முதுகுக்குப் போன நோ அதின்ட நோதான்.

வேற சில விசயம்

டி-டைமர் (உறைஞ்ச ரத்தம் கரையேக்க கூடுற பொருளைப் பாக்கிற ரத்தச் சோதனை) ஆரோ அனுப்பியிருக்கினம், சிடிக்குப் பிறகு வந்தது, 290. சந்தோசமான நம்பர்தான், ஆனா அதை வச்சு படத்தைத் தள்ளிப் போட முடியாது. 2018ல வந்த அட்வைஸ்ட் ஆய்வில, டிசெக்சன் ரிஸ்க் ஸ்கோர் 0 அல்லது 1 எண்டு இருந்து டி-டைமரும் 500க்குக் கீழ வந்த ஆக்களில தவறிப் போனது ஏறக்குறைய 300 பேரில ஒராள். அது சிடிக்கு அனுப்பிறதா விடுறதா எண்டு முடிவெடுக்க முதல் பாவிக்கிற கருவி. படத்தில கோடு கண்ட பிறகு அந்தக் கருவியின்ட காலம் முடிஞ்சுது, சுவருக்குள்ள மட்டும் ரத்தம் உறைஞ்ச ஆக்களில டி-டைமர் குறைவா வாறதும் உண்டு.

எதிர்ப்பக்கப் பிழை பத்தியும் சொல்லாம விட ஏலாது. கொழும்பில இரவில நெஞ்சு நோவோட வாற ஆளுக்கு நுரையீரல் குழாயில ரத்தக் கட்டி எண்டு சந்தேகிச்சு பல்மனரி அஞ்சியோ கேப்பினம், அதில மருந்து பல்மனரி ஆர்ட்டரியில நிக்கேக்க படம் பிடிச்சிடுவினம், எயோட்டாவுக்கு மருந்து இன்னும் ஒழுங்கா வந்து சேர்ந்திராது, நல்ல டிசெக்சன் ஒண்டு அந்தச் சாம்பல் நிறத்துக்குள்ள ஒளிச்சு நிக்கும். கட்டி இல்ல எண்டு ரிப்போட் போகும், எயோட்டாவைப் பத்தி ஒரு வசனமும் இராது. அப்பிடி ஒரு படத்தில எயோட்டாவைப் பாக்க ஏலாட்டி பாக்க ஏலாது எண்டு எழுதுங்கோ. அதே மாதிரி, எயோட்டாவுக்குள்ள மருந்து சரியான வெள்ளையா நிக்கேக்க சாதாரண மீடியாஸ்டைன ஜன்னலில மெல்லிய ஃப்ளாப் அந்த வெள்ளைக்குள்ள மூழ்கிப் போகும், ஜன்னலை அகட்டி, 600–700 அகலத்தில வச்சு ஒருக்காப் பாக்க வேணும், ரெண்டு கிளிக் வேலை.

ரத்தம் குறைஞ்ச ஆக்களில இன்னொண்டு. ஹீமோகுளோபின் நல்லா இறங்கினா மருந்தில்லாத படத்தில ரத்தம் கறுப்பாகி, எயோட்டாச் சுவர் அதுக்குப் பக்கத்தில வெள்ளையாத் தெரியும், சுவருக்குள்ள ரத்தம் எண்டு நினைச்சிடுவம். அப்பிடியான படத்தில எயோட்டா முழுக்க சுத்தி வர ஒரே தடிப்பில வெள்ளையா இருக்கும், உண்மையான ஹெமடோமா ஒரு பக்கம் தடிச்ச பிறை. ஹீமோகுளோபின் எவ்வளவு எண்டு ரெக்வெஸ்ட்ல எழுதினா அந்தக் குழப்பமே வராது.

அந்த ரெக்வெஸ்ட் போமைப் பத்தித்தான் இன்டர்ன் பிள்ளைகளிட்டக் கெஞ்சிக் கேக்கிறன். "நெஞ்சு நோ, எயோட்டா பாக்கவும்" எண்டு மட்டும் எழுதி அனுப்பாதேங்கோ. நோ எப்பிடித் தொடங்கினது, ரெண்டு கைப் பிரஷர், இப்ப பல்ஸ் எத்தனை, கனுலா எந்தக் கையில, முதல் மருந்தில்லாத படம் வேணும், ஏறு எயோட்டா சந்தேகம் எண்டா கேட்டிங் வேணும், இவ்வளவையும் எழுத மூண்டு வரி போதும். இரவில எல்லா இடத்திலயும் கேட்டிங் செய்ய ஆள் இருக்காது, எனக்குத் தெரியும், ஆனா கேட்டாத்தான் இருக்கா இல்லையா எண்டு தெரியும், இல்லாட்டியும் வலக் கை, சேலைன், மெல்லிய ஸ்லைஸ் இந்த மூண்டும் எந்த இடத்திலயும் செய்யலாம். ஆளை வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பேக்க ஃபிலிமை மட்டும் குடுத்துவிடாதேங்கோ, சீடியில மெல்லிய படங்கள் ஏறியிருக்கா எண்டு திறந்து பாத்துக் குடுங்கோ. இந்த மனிசன்ட சீடியில அது இல்லாம இருந்திருந்தா எங்களுக்கு சந்தேகமே வந்திருக்காது.

ரிப்போட் எழுதிற ஆக்களுக்கும் ஒண்டு. அந்த முதல் ரிப்போட்டில "ஏறு எயோட்டாவில கோடு தெரியுது, துடிப்பு ஆர்ட்டிஃபாக்டா இருக்கலாம், வளைவு சுத்தம், கேட்டிங்கோட உடனே திரும்ப எடுக்க வேணும்" எண்டு எழுதியிருந்தாலும் ஆளை இதே வேகத்தில எங்களிட்ட அனுப்பியிருப்பினம், சேர்ஜனுக்கும் இதே போன் போயிருக்கும். வேகம் ஒரு துளியும் குறைஞ்சிராது. நெஞ்சைத் திறக்கிறதுக்கு முதல் இன்னொரு படம் தேவை எண்டது மட்டும் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்.

ஒரே இரவில ரெண்டு தரம் கொன்ட்ராஸ்ட், அடுத்த நாள் அஞ்சியோவுக்கு மூண்டாந்தரம், அதுவும் சீனிக்காரருக்கு, கிட்னி என்ன ஆகும் எண்டு வார்டில கேட்டவை. நியாயமான கேள்வி. மெட்ஃபோமினை 48 மணித்தியாலம் நிப்பாட்டி, சேலைன் ஓட விட்டு, ஒவ்வொரு நாளும் பாத்தம். வந்த நேரம் கிரியேட்டினின் 1.0, மூண்டாம் நாள் 1.1. அஞ்சாம் நாள் வீட்ட போனார், லொசார்டனை ஒழுங்காப் போடுறதா மகனுக்கு முன்னால சொல்லிப்போட்டு.